புதுப்பிப்பு: மழையில் பாலம், அந்த ஜப்பானிய அச்சுப் படம்

போன மாதம் கியோட்டோ தோஜி கோயிலில் 21-ஆம் தேதி கூடும் பழம்பொருள் சந்தையில் வாங்கிய படத்தைப் பற்றிக் கேட்டிருந்தேனே, கொட்டும் மழையில் மரப்பாலத்தின் மேல் ஆட்கள் குனிந்து ஓடுவது, அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே! 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) வரிசையில் 1857-இல் வந்த ஷின் ஓஹாஷி பாலம். வான்கோ 1887-இல் பார்த்து வரைந்த அதே படம்தான்.

சரி, என்னிடம் இருப்பது 1857 தாளா? இல்லை. முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இயந்திர அச்சின் புள்ளிகள் எதுவும் இல்லை, பின்பக்கம் திருப்பினால் தாளைக் கட்டையின் மேல் அழுத்தித் தேய்க்கும் பரேன் விட்ட வட்டத் தடங்கள் தெளிவாகத் தெரிகின்றன, ஆக கையால் மரக்கட்டையில் அச்சிட்டதுதான், அதில் சந்தேகமில்லை. அப்புறம் புரூக்ளின் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் பிரதியைப் பக்கத்தில் திறந்துவைத்து மழைக்கோடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இரண்டு மாலை போனது. கோடுகள் குறுக்கிடும் இடங்கள் பல மாறியிருந்தன. அதாவது கட்டையே வேறு, பின்னாளில் புதிதாகச் செதுக்கியது. கீழ் ஓரத்தில் பதிப்பகத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன், 1857 தாளில் அந்த வரி கிடையாது.

எனக்கு வருத்தமே இல்லை. அத்தனை மெல்லிய கோடுகளையும் இன்னொருவர் மறுபடி மரத்தில் செதுக்கியிருக்கிறாரே! அமிலமில்லாத அட்டை வைத்துச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன், வெயில் படாத சுவரில் மாட்டப்போகிறேன்.