பூச்சிக்குள் புகுந்து வளரும் பூஞ்சைக்கு என்ன பெயர்?

நண்பர்களே,
நியூசிலாந்துக் காடுகள் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். மண்ணுக்குள் வாழும் அந்துப்பூச்சியின் புழுவுக்குள் ஒரு பூஞ்சை புகுந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்று, அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. தோல் மட்டும் அப்படியே இருக்க, புழு குச்சிபோல் இறுகிவிடுகிறது. அப்புறம் தலைப்பக்கத்திலிருந்து ஒரு தண்டு மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. மாவோரி மக்கள் இதை ஆஃபெட்டோ என்பார்கள். கரித்துப் பச்சை குத்தும் மையாக்கினார்கள். இவ்வகைப் பூஞ்சைகளுக்குப் பொதுப்பெயராகப் 'பூச்சியுண்ணிப் பூஞ்சை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

*

> பூச்சியுண்ணிப் பூஞ்சை

வேண்டாம் அம்மா. பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் செடிகளுக்கு அந்தப் பெயர் முன்பே போய்விட்டது. 'உண்ணி' என்றால் நாயின் காதில் ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வரும்.

'பூச்சியுருவி' என்று வையுங்கள். மரக்கிளையில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சி வளரும் செடிக்குப் புல்லுருவி என்ற பெயர் நம்மிடம் இருக்கிறதே! அதில் உள்ள புல், புல்பூண்டு அன்று என்பது என் துணிபு. புல்லுதல், அதாவது தழுவுதல். "புல்லிக் கிடந்தேன்" (குறள் 1187) என்பதில் வரும் அதே வினை. தழுவி ஊடுருவுவது புல்லுருவி. இந்தப் பூஞ்சையின் வித்தும் அதைத்தான் செய்கிறது: பூச்சியின் மேல்தோலில் ஒட்டி, நொதி சுரந்து இளக்கி, துளைத்து உள்ளே போகிறது.

இன்னொன்று. 'பூஞ்சை உடம்பு' என்றால் மெலிந்த உடம்பு. அதனால் பூசணம் என்பதே நல்லது என்று பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

*

ஐயா, விளக்கம் அழகு. ஆனால் 'பூச்சியுருவி' என்றால் என் வகுப்பில் பாதிப் பேர் பூச்சியின் உருவம் கொண்டது என்று எழுதுவார்கள். பூசணமா பூஞ்சையா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். திபெத்தியர் தங்கள் மலைப் பூஞ்சைக்கு யார்சா குன்பு என்று பெயர் வைத்தார்கள்: கோடையில் புல், குளிரில் புழு. கண்டதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். நாமும் 'புழுக்காளான்' என்போமே.

*

எறும்பை என்ன செய்வது? இவ்வகைப் பூஞ்சை தொற்றிய எறும்பு தன் கூட்டத்தை விட்டு விலகி, தாழ்வான இலையின் நரம்பைக் கவ்வியபடியே சாகிறது. பிடரியிலிருந்து தண்டு கிளம்பி வித்துகளைக் கீழே உதிர்க்கிறது. அதைப் புழுக்காளான் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வந்த மடல்களில் பெரும்பாலானவை 'பூச்சிப் பூஞ்சை' போதும் என்கின்றன. நேரமும் இல்லை. அதையே போடுகிறேன்.

*

போடுங்கள். என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். பூச்சிப் பூஞ்சை என்பது பூச்சியைக் கொல்லும் பூஞ்சை என்றும் விரியும், பூச்சி வளர்க்கும் பூஞ்சை என்றும் விரியும். கறையான் தன் புற்றுக்குள் வளர்த்துத் தின்கிறதே, அந்தப் பூஞ்சைக்கு நாளை என்ன பெயர் வைப்பீர்கள்?