நாய்ப் பயிற்சியாளர் வேலைக்கு வரலாமா? மிரட்டாமல் பழக்குபவர்கள் சொல்லுங்கள்

வால்நட்சத்திரம்:
வணக்கம். மூன்று வருடமாக வார இறுதிகளில் ஒரு நாய்க் காப்பகத்தில் உதவி செய்கிறேன். இதையே முழுநேர வேலையாக்கினால் என்ன என்று தோன்றி, போன மாதம் ஒரு பயிற்சியாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரமே மனசு ஒட்டவில்லை. ஒரு நாய் எதிரே வந்த நாயைப் பார்த்து உறுமியது, பயிற்சியாளர் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்தார், அது அடங்கிவிட்டது, வளர்ப்பவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அது காதைப் பின்னால் மடித்துக்கொண்டு மூக்கை நக்கிக்கொண்டே இருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன் போல. கேட்டால், "நாமதான் ஆல்ஃபா, அதாவது கூட்டத்துக்குத் தலைவன்னு அதுக்குப் புரியணும், தின்னக் கொடுத்துப் பழக்கறதெல்லாம் லஞ்சம்" என்கிறார். அறிவியல் அடிப்படையில், நோகடிக்காமல் செய்பவர்கள் எங்கே தொடங்கினீர்கள்? நடத்தை ஆலோசகர் என்கிறார்களே, அது வேறு வேலையா?

கடித்தசெருப்பு:
பதினோரு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. முதலில் ஆல்ஃபா கதையை முடித்துவிடுவோம். ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் 1947-ல் எழுதியது அது, அடைத்து வைத்த ஓநாய்கள் தங்களுக்குள் முட்டிக்கொண்டதைப் பார்த்து. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் தன் புத்தகத்தில் அதை எடுத்துச் சொன்னார், அப்புறம் காட்டில் வாழும் ஓநாய்களைக் கவனித்த அவரே, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999-ல் எழுதினார். ஓநாய்க்கே ஒத்துவராததை நாயின் தலையில் கட்டுகிறார்கள்.

லஞ்சம் வேலைக்கு முன்னால் கொடுப்பது, கூலி வேலை முடிந்தபின் கொடுப்பது. நீங்கள் சொன்ன நாய்க்குக் கூலியும் தேவையில்லை, ஒன்று வந்தால் அடுத்து நல்லது வரும் என்று மனதில் இணைத்துவிடும் பாவ்லோவ் முறை போதும். எதிர் நாய் தூரத்தில், இவன் இன்னும் பதறாத தொலைவில் தெரியவேண்டும். தெரிந்ததும் ஒரு இறைச்சித் துண்டு, மறைந்ததும் நிறுத்தம். உட்கார்ந்தானா, நின்றானா என்று பார்க்கவேண்டாம். இதில் புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: எதிர் நாயை நாம் முதலில் பார்த்துவிட்டு அவசரமாகப் பைக்குள் கையை விடுவது. நாலு நாள் இப்படிச் செய்தால், பை சரசரத்தாலே ஏதோ வரப்போகிறது என்று அவன் சுற்றுமுற்றும் தேட ஆரம்பித்துவிடுவான். பயந்த பொருள் முதலில், கறி பிறகு. வரிசை மாறினால் பலனும் தலைகீழ்.

உறுமலுக்குச் சங்கிலி இழுத்தால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும்.

வேலை வித்தியாசம்: கூப்பிட்டால் வருவது, இழுக்காமல் நடப்பது இதெல்லாம் பயிற்சியாளர். பயம், கடி, தனியாக விட்டால் பதற்றம் என்று வந்தால் ஆலோசகர். மருந்து தேவைப்பட்டால் கால்நடை மருத்துவர், நம் கை அங்கே நீளக்கூடாது. பெரும்பாலான நாடுகளில் இதற்கு உரிமம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால்தான் நல்ல சான்றிதழ் முக்கியம். நாய்ப் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் சிசிபிடிடி (CCPDT) அமைப்பின் தேர்வு எழுதவே மூன்று வருடத்துக்குள் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்த அனுபவம் கேட்பார்கள்.

நடுக்காதுமழை:
நானும் ஒருகாலத்தில் சங்கிலி ஆள்தான். நான் "சரிசெய்த" நாய் ஒன்று, ஆறு மாதம் கழித்து உறுமாமல் கொள்ளாமல் நேராக என் முன்கையைக் கடித்தது. உறுமாதே என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே.

இன்னொன்றும் சொல்கிறேன். முதுகைச் சீவினால் பாய்கிறான் என்று ஒரு நாயைக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் தொடாமல் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். உட்காரும்போதெல்லாம் ஒரு பக்க இடுப்பைச் சாய்த்தே உட்கார்ந்தான், படியில் இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தவ்வினான். மருத்துவரிடம் அனுப்பினேன், இடுப்பு மூட்டில் கோளாறு. வலிக்கு மருந்து தொடங்கியபின் பாதிப் பாய்ச்சல் தானாகவே நின்றது. திடீரென்று குணம் மாறினால் முதலில் வலியைச் சந்தேகப்படுங்கள்.

நாயைப் பிடிக்கும், மனுஷங்களைப் பிடிக்காது என்று இந்த வேலைக்கு வருபவர்கள் நிறைய. ஒரு வருடம் தாங்கமாட்டார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம்தான் நாய் நம் கையில், மிச்ச நேரமெல்லாம் வீட்டாரோடு. அடித்தேன் என்று ஒப்புக்கொண்டு அழுதவர்களை முறைத்தால் அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

சாம்பல்வால்:
ஒரு எதிர்ப்பாட்டு. "அறிவியல் அடிப்படை" என்று இப்போது எல்லோரும்தான் போட்டுக்கொள்கிறார்கள், ஷாக் காலர் விற்பவர் உட்பட. பெயரைப் பார்க்காதீர்கள், நாயின் உடம்பைப் பாருங்கள். போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து 2020-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. தண்டித்துப் பழக்கும் இடங்களில் இருந்த நாய்களிடம் பதற்ற அறிகுறிகள் அதிகம், பயிற்சி முடிந்தபின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலும் அதிகம். அவர்கள் எண்ணிய அறிகுறிகளில் உதட்டை நக்குவதும் கொட்டாவியும் அடக்கம். நீங்கள் கவனித்தது அதைத்தான், உங்கள் கண் சரியாகவே இருக்கிறது. இத்தனை நாளில் சரியாகிவிடும் என்று உத்தரவாதம் தருபவரிடம் மட்டும் சேராதீர்கள்.

வேலையை நாளைக்கே விடவேண்டாம். அனுமதி கேட்டு வகுப்புகளைப் படம் பிடியுங்கள், வீட்டில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பேச்சு காதில் விழாவிட்டால் நாய் மட்டும்தான் தெரியும்.

வால்நட்சத்திரம்:
எல்லோருக்கும் நன்றி. அந்த நாயை வளர்ப்பவரே அன்றைக்கு எடுத்த வீடியோவை அனுப்பினார், நேற்று ராத்திரி ஒலி இல்லாமல் நாலு தடவை பார்த்தேன். உறுமுவதற்கு முன்னால் ஏழு முறை மூக்கை நக்கியிருக்கிறது, இரண்டு முறை முகத்தைத் திருப்பியிருக்கிறது, ஒரு தடவை எங்கள் கால்களுக்குப் பின்னால் போகப் பார்த்திருக்கிறது. அப்போது கயிறு என் கையில்தான் இருந்தது.