1972 எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்): குளிர்காலத்துக்கு முன்னால் எதை முதலில் பார்க்கணும்?

பின்சக்கரம்:
இங்கிலாந்து, யார்க்‌ஷயர். இந்தத் தடவை குளிர்காலத்திலும் வண்டி ரோட்டில்தான், வாரம் இரண்டு மூன்று நாள். உப்பு தூவுகிற ரோடுகள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) துருத்தண்ணி நிறத்தில் இருக்கு, ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் சூடு வரலை. பழைய இரட்டை 6 வோல்ட் பேட்டரிதான். எங்கே தொடங்கலாம்?

ஸ்பேனர்14:
கூலன்ட். மற்ற கோளாறு வண்டியை நிறுத்தும், இது இன்ஜினையே உடைக்கும். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும், இன்ஜினோட வார்ப்பிரும்பு உடல், அதாவது ப்ளாக், அதுக்கு வளைஞ்சு கொடுக்காது.

கீழ் ஹோஸைக் கழற்றினால் ரேடியேட்டர்தான் காலியாகும். ப்ளாக்குக்குத் தனி வடிகால் இருக்கு. திறந்தும் சொட்டு வரலைன்னா உள்ளே சேறு அடைச்சிருக்குன்னு அர்த்தம், விறைப்பான கம்பியால் குத்தி விடுங்க. ஹீட்டரைத் தனியாக, இரண்டு முனையிலும் மாற்றி மாற்றித் தோட்டக் குழாயால் கழுவுங்க. அழுத்தம் மெல்லிசாக இருக்கட்டும். இன்ஜின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஹீட்டர் வால்வு முழுசாகத் திறக்குதா பாருங்க, கேபிள் தளர்ந்திருந்தால் பாதிதான் திறக்கும்.

மொத்தம் ஏறத்தாழ 6 லிட்டர் பிடிக்கும். கழுவின தண்ணி கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும், அதனால் முதலில் 3 லிட்டர் ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கிற திரவம்) கலக்காமல் ஊற்றுங்க, அப்புறம் டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்க. பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 36 டிகிரி வரை தாங்கும். சேர்த்து ஊற்றினால் இன்னும் நல்லதுன்னு கிடையாது, ஆன்டிஃப்ரீஸின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் சுத்தமாக இருந்தால் மைனஸ் 13-லேயே உறையும். தெர்மோஸ்டாட் (சூடேறினதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 டிகிரி இருந்தால் குளிருக்கு 88 போடுங்க.

வடகாற்று:
வாங்கும்போது பழைய வகை எத்திலீன் கிளைக்கால்தான், லேபிளில் பிஎஸ் 6580 (பிரிட்டிஷ் தர எண்) என்று இருக்கணும். பெரும்பாலும் நீல நிறம், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. ஓஏடி வகையை (கரிம அமிலம் சேர்த்த புதுவகை ஆன்டிஃப்ரீஸ்) ஈயப் பற்றவைப்பு உள்ள பழைய ரேடியேட்டரில் ஊற்றாமல் இருப்பதே நல்லது. 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும்.

பேட்டரி ஒவ்வொன்றும் ஓய்வில் 6.3 வோல்ட் காட்டணும். 6.1-க்குக் கீழே போனது சார்ஜ் போட்டும் நிற்கலைன்னா ஜோடியாக மாற்றுங்க. அதுக்கு முன்னால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது எர்த் பக்க முனைக்கும் ப்ளாக்குக்கும் நடுவில் மீட்டர் வையுங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் ஸ்ட்ராப்தான் (பேட்டரியையும் இன்ஜினையும் வண்டி உடலோடு இணைக்கிற கம்பிப் பட்டை), புது பேட்டரிக் காசு வீண்.

துருப்பிடிவாதம்:
ஸ்பேனர்14 சொன்ன வரிசையை நான் ஏற்கலை. இன்ஜின் போனால் வேறொன்று போடலாம். எம்ஜிபிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, கதவுக்குக் கீழே ஓடுகிற ‘சில்’ என்ற தகட்டுப் பெட்டிதான் வண்டியைத் தாங்குது. அதுக்குள்ளே உப்பு புகுந்தால் வெல்டிங் செலவில் முதுகு ஒடியும்.

அடியில் பழைய தார்ப்பூச்சு இருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்க. பொத்தென்று கேட்கிற இடத்தில் பூச்சு விட்டுப்போச்சு, அதுக்கடியில் ஈரம் நிற்கும், சுரண்டி எடுத்துடுங்க. முன் சக்கர வளைவுக்குள்ளே, பின்பக்கத் தகடுக்கு அந்தப்புறம், சில் முனைமேல் சேறு சேர்ந்திருக்கும். கையைவிட்டே அள்ளணும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கேவிட்டி வேக்ஸ் (உட்குழிவுக்குள் அடிக்கிற துருத்தடுப்பு மெழுகு). ஈரத்தின்மேல் அடிச்சால் ஈரத்தைப் பூட்டி வைக்கிற வேலை. அடிச்சு முடிச்சதும் சில், கதவு அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் திறந்து விடுங்க.

எல்லாரும் மறப்பது விண்ட்ஸ்கிரீனுக்கு முன்னாலுள்ள காற்றுப் பெட்டியின் ரப்பர் வடிகுழாய். சருகு அடைச்சால் தண்ணி நேராகக் கால்வைக்கும் இடத்துக்கு வரும்.

பின்சக்கரம்:
நன்றி. கராஜில் ஹீட்டர் இருக்கு, ராத்திரி ஓடவிடலாமா?

துருப்பிடிவாதம்:
வேண்டாம். குளிரில் துரு மெதுவாக ஏறும், உப்பீரத்தோடு சூடும் சேர்ந்தால் வேகம் பிடிக்கும். அடிப்பாகத்தைச் சாதாரணத் தண்ணியில் கழுவிட்டுக் காற்றோட்டமாக விடுங்க.

வடகாற்று:
கழுவின கையோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடியே நிறுத்திடாதீங்க, உறைபனியில் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்க.