ஹியூகோவின் ரைன் நதிக் கடிதங்கள்: முடிவுரையை விட்டுவிடலாமா?

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் பத்து காஜாவில் எங்கள் வாசகர் வட்டத்தில் இம்மாதம் பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹியூகோவின் ‘ரைன்’ நூலை ஆங்கிலத்தில் வாசித்து வருகிறோம். 1842இல் வெளிவந்த இந்நூல், நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களாகத் தொடங்கி, ஆற்றங்கரைக் கோட்டைகளையும் அவற்றின் கதைகளையும் நிதானமாகச் சொல்லி வந்து, கடைசியில் ஐரோப்பிய அரசியலைப் பற்றிய நீண்ட முடிவுரையில் போய் நிற்கிறது. அதை விட்டுவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். விடலாமா?

மறுமொழி 1:
விட வேண்டாம், ஐயா. 1840இல் ரைனின் இடக்கரை யாருக்கு என்ற சச்சரவில் பிரான்சும் ஜெர்மானிய நாடுகளும் போரின் விளிம்புவரை போயின. ஹியூகோ ரைன் கரையில் நெடும்பயணம் செய்ததும் அதே ஆண்டில்தான். அப்போது இடக்கரையின் பெரும்பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மானிய நாட்டின் கையில் இருந்தது. அதைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பிரஷ்யா இன்னொரு ஜெர்மானிய நாடான ஹனோவரைப் பெற்றுக்கொள்ளட்டும் என்று முடிவுரையில் சொல்கிறார். கரையில் குடியிருப்பவர்களின் விருப்பத்தை அவர் பொருட்படுத்தவில்லை. தோட்டம் கைமாறும்போது லயத்தில் குடியிருந்த தொழிலாளச் சனங்களை யார் கேட்டார்கள்? அதை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

மறுமொழி 2:
‘கடிதங்கள்’ என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1838 முதல் 1840 வரையிலான பயணங்களைச் சேர்த்துக் கோத்த நூல் இது. மனைவி அடேலுக்கு எழுதியவை இதில் பல. உடன் பயணம் செய்த காதலி ஜூலியத் துருவே நூலில் தலைகாட்டுவதே இல்லை! ஆயினும் பிங்கன் அருகே ஆற்றின் நடுவில் நிற்கும் எலிக் கோபுரத்தைப் பற்றிய பகுதியில் பாசாங்கு தெரியவில்லை. சிறுவயதில் ஒரு ஜெர்மானியப் பணிப்பெண் அவருடைய கட்டிலுக்கு மேலே அக்கோபுரத்தின் படத்தை மாட்டியிருந்தாளாம். பஞ்சத்தில் ஏழைகளைக் களஞ்சியத்தில் பூட்டி எரித்த பேராயர் ஹாட்டோவை எலிகள் அங்கே துரத்திச் சென்று தின்ற கதை, அந்தப் பிள்ளையைத் தூங்கவிட்டிருக்குமா?

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கொலோன் பேராலயத்தை ஹியூகோ பார்த்தபோது, பாதியில் நின்றுபோன கோபுரத்தின் உச்சியில் பழைய பாரந்தூக்கி ஒன்று அப்படியே இருந்ததை வாசித்ததும், எங்கள் ஊரில் பாதியில் நின்றுபோன கெல்லி மாளிகைதான் கண்முன் வந்தது. 1926இல் உரிமையாளர் இறந்ததும் அதன் வேலை நின்றது. நம்மவர்கள் உழைத்த சுவர்கள் இன்றும் பூச்சின்றி நிற்கின்றன. பேராலயத்தை மட்டும் 1842இல் மீண்டும் தொடங்கி 1880இல் முடித்துவிட்டார்கள். முடிவுரையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்தமாகவே வாசிக்கப்போகிறோம்.