பிரெஞ்சு எதிர்மறை வாக்கியத்தில் ‘பா’ எப்போது வராது?

உவர்மலை மாணவி:
வணக்கம். திருகோணமலையிலிருந்து இணையவழியில் பிரெஞ்சு கற்று, டெல்ஃப் ஏ2 தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறேன். வினைக்கு முன் ‘நெ’, பின் ‘பா’ என்ற அடிப்படை விதி விளங்குகிறது. ஆனால் ‘யாரும் வருவதில்லை’ என்பதற்குப் பாடநூலில் ‘பெர்சொன் நெ வியான்’ என்று மட்டுமே உள்ளது. அங்கே ‘பா’ ஏன் இல்லை? ‘நான் ஒன்றும் பார்க்கவில்லை’ என்பதில் ‘ரியான்’ நடுவிலும், ‘நான் யாரையும் பார்க்கவில்லை’ என்பதில் ‘பெர்சொன்’ இறுதியிலும் நிற்பதற்குக் காரணம் என்ன?

நிலாவெளி ஆசிரியர்:
தங்கைக்கு வணக்கம். தமிழ் பேசும் மாணவர் பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தமிழில் ‘யாரும்’ என்ற சொல்லில் மறுப்பு இல்லை; ‘யாரும் வரலாம்’ என்றும் நாம் சொல்கிறோம் அல்லவா? மறுப்பைத் தருவது ‘இல்லை’ மட்டுமே. பிரெஞ்சில் ‘பெர்சொன்’, ‘ரியான்’, ‘ஜமே’ (ஒருபோதும்), ‘ஒக்கன்’ (எந்த ஒன்றும்) ஆகியவை ‘நெ’யுடன் சேரும்போது ‘பா’வின் வேலையையும் தாமே செய்துவிடுகின்றன. ஆகவே அவற்றோடு ‘பா’வைச் சேர்ப்பது பிழை. ‘யார் அங்கே?’ என்று கேட்டால் பிரெஞ்சுக்காரர் ‘பெர்சொன்’ என்ற ஒரே சொல்லில் விடை கூறுவார். நாம் ‘யாரும்’ என்று நிறுத்த முடியாது.

ஆனால் இச்சொற்கள் தமக்குள் சேரலாம். ‘இல் நெ தி ஜமே ரியான் அ பெர்சொன்’ என்றால் ‘அவர் ஒருபோதும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை’ என்று பொருள். இங்கே தமிழ் வாக்கியமே உங்களுக்குத் துணையாகும்.

இடத்தைப் பொறுத்தவரை, ‘ரியான்’, ‘பா’ நிற்கும் இடத்தில், அதாவது துணைவினைக்கு அடுத்து நிற்கும்: ‘ஜெ நே ரியான் வியூ’ (‘நெ’யும் துணைவினை ‘ஏ’யும் சேர்ந்ததே ‘நே’). ‘பெர்சொன்’ செயப்படுபொருளாகும்போது சாதாரணப் பெயர்ச்சொல் நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளும்: ‘ஜெ நே வியூ பெர்சொன்’. இதை விதியாக மனனம் செய்வதைவிட, இவ்விரு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

‘தியூ’ எதிர்மறையில் ‘தெ’ ஆகும் விதியையும் மறவாதீர்கள். ‘ஜே தியூ பான்’ (என்னிடம் பாண் இருக்கிறது) எதிர்மறையில் ‘ஜெ நே பா தெ பான்’ ஆகும். ‘எத்ர்’ (ஆக இருத்தல்) வினையில் மட்டும் இம்மாற்றம் இல்லை: ‘ஸெ நே பா தியூ பான்’, இது பாண் அல்ல.

பாரிஸ் வாசகர்:
ஆசிரியர் கூறியவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே அன்றாடப் பேச்சில் ‘நெ’ பெரும்பாலும் விழுந்துவிடும். ‘ஜெ ஸே பா’ (எனக்குத் தெரியாது) என்பதையே எங்கும் கேட்பீர்கள். அதனால் ‘பிளியூ’ என்ற சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். ‘நெ’ இல்லாத பேச்சில், இறுதி ‘ஸ்’ ஒலிக்காவிட்டால் ‘இனி வேண்டாம்’, ஒலித்தால் ‘இன்னும் வேண்டும்’ என்று பொருள் மாறிவிடும். தேர்வில் எழுதும்போது ‘நெ’யை ஒருபோதும் விடாதீர்கள்.

உவர்மலை மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. ‘வு நெ வெனே பா?’ (நீங்கள் வரவில்லையா?) என்று ஒருவர் கேட்டால் எப்படி விடை கூறுவது?

நிலாவெளி ஆசிரியர்:
நாம் ‘ஓம், வரவில்லை’ என்று கேட்டவரின் கூற்றை ஆமோதிக்கலாம். பிரெஞ்சில் விடை எதிர்மறையானால் ‘நோன், ஜெ நெ வியான் பா’ என்றே தொடங்க வேண்டும். அவர் நினைத்ததற்கு மாறாக நீங்கள் வருவதாயின் ‘உய்’ (ஓம்) பொருந்தாது. அதற்கென்றே உள்ள ‘சி’ என்ற சொல்லைக் கொண்டு ‘சி, ஜெ வியான்’ என்று கூறுங்கள்.