ஆற்றில் நான் பார்த்தது நீர்நாயா? எங்கள் பக்கம் அற்றுப்போய் 40 வருஷம் என்கிறார்கள்

மதகடி:

வணக்கம். எனக்கு டெல்டா பக்கம் ஊர். போன வியாழக்கிழமை காலை 5:45 இருக்கும், கொல்லையில் மோட்டார் போடப் போனபோது தடுப்பணைக்குக் கீழே தேங்கிக் கிடந்த தண்ணீரில் மூன்று தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதைப் பார்த்தேன். முதலில் நீர்க்காகம் என்றுதான் நினைத்தேன், அதுவும் உடம்பை முக்கிக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டித்தானே நீந்தும். ஆனால் அதில் ஒன்று வாயில் மீனோடு மணல்திட்டில் ஏறி, மீனைத் தின்றுவிட்டு மணலில் நன்றாகப் புரண்டது. பழுப்பு நிறம், குட்டைக் கால், அடியில் தடித்த வால். நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம், மூன்றும் முங்கிவிட்டன. போனில் பதிவானது வெறும் தண்ணீர் வளையம்தான்.

அப்பா கீரி என்கிறார். தாத்தா மட்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சின்ன வயதில் இந்த ஆற்றில் நீர்நாய் கூட்டமாகத் திரியுமாம், கடைசியாகப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில் என்கிறார். அப்புறம் வெடி போட்டு மீன் பிடிப்பது, மணல் அள்ளுவது, கோடையில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆறு காய்வது என்று எல்லாம் சேர்ந்து அற்றுப்போய்விட்டது என்றுதான் ஊரே நம்புகிறது.

இதை எப்படி உறுதி செய்வது? பேஸ்புக்கில் போட்டால் விஷயம் தெரிந்த யாராவது வருவார்களா?

கரைநடை:

முதல் வேலையாக உங்கள் பதிவில் இருக்கும் ஊர்ப் பெயரையும் தடுப்பணைப் பெயரையும் எடுத்துவிடுங்கள். பேஸ்புக்கும் வேண்டாம். தோலுக்காக நீர்நாயைக் கொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், குட்டியைப் பிடித்து வளர்ப்புப் பிராணியாக விற்கும் கும்பலும் இருக்கிறது. அந்த வியாபாரத்தால்தான் நம் பக்கத்து வகைகளில் இரண்டுக்கு 2019இல் பன்னாட்டு வணிகத் தடையே வந்தது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நீர்நாய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கீரி மூன்று சேர்ந்து ஆற்றில் முங்கி மீன் பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை. இந்தியாவில் மூன்று வகை நீர்நாய் உண்டு. ஆற்று நீர்நாய் என்று சொல்வது பெரியது, 7 முதல் 11 கிலோ வரை வரும், குடும்பமாகத் திரியும், வால் நுனிப்பக்கம் தட்டையாக இருக்கும். சமவெளி ஆறு என்றால் பெரும்பாலும் இதுதான். சின்ன நகமுள்ள வகை மலை ஓடைகளில் இருக்கும், மூன்றாவது யுரேசிய வகை.

ஆனால் தோன்றுவது போதாது, தடயம் வேண்டும். நீர்நாய்க் குடும்பம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எச்சமிடும், கரைப்பாறை, மணல்திட்டு, தடுப்பணைச் சுவர் மாதிரி இடங்களில். அந்த எச்சத்தில் மீன் செதிலும் முள்ளும் நண்டு ஓடும் கிடக்கும், கவிச்சி வாடை தூக்கும். ஈர மண்ணில் ஐந்து விரல் தடம், விரல்களுக்கு நடுவே சவ்வும் பதிந்திருந்தால் சந்தேகமே இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது தீப்பெட்டி வைத்துப் படம் எடுங்கள், எதையும் கிளறாதீர்கள். பொந்து கண்ணில் பட்டால் கிட்டே போகவே கூடாது, குட்டி இருக்கலாம். அதற்குப் பிறகு மாவட்ட வன அலுவலரிடம் நேரில் போய்ச் சொல்லி, தானியங்கி கேமரா வைக்கக் கேளுங்கள். 2016இல் மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா காட்டிலும் கான்ஹா–பெஞ்ச் இடைக்காட்டிலும் யுரேசிய நீர்நாய் கேமராவில் சிக்கியதும் இப்படித்தான், புலிக்கென்று வைத்த கேமராவில். மத்திய இந்தியாவில் அது இருக்கிறது என்பதற்கு அதற்குமுன் புகைப்படமே கிடையாது.

ஜூரோங்வாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் மனசு துள்ளிவிட்டது. இங்கேயும் நீர்நாய் இல்லாமலே போயிருந்தது. 1977இல் தொடங்கிப் பத்து வருஷம் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் பகுதியையும் சுத்தம் செய்தார்கள், பன்றிப் பண்ணை, படகுப் பட்டறை, தெருக்கடை எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றி, அடிச்சேற்றை வாரி எடுத்து. தண்ணீர் தெளிந்தது, மீன் வந்தது. 1998இல் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் ஒரு ஜோடி தென்பட்டது, ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து வந்திருக்கும் என்கிறார்கள். யாரும் கொண்டுவந்து விடவில்லை. இப்போது தீவு முழுக்க 150க்கும் மேல். 2014இல் பீஷான் பூங்காவுக்கு ஒரு ஜோடி வந்து குடும்பமானது, நான் என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன், எண்ணிக்கை கூடினால் சண்டையும் வரும். இங்கே வீட்டுக் குளங்களில் ஆசையாக வளர்த்த கோய் மீன்களை ஒரே இரவில் காலி செய்திருக்கின்றன. உங்கள் ஊரில் மீன் வளர்க்கும் குட்டை இருந்தால் அவர்களிடம் முதலிலேயே பேசி வேலி போட வையுங்கள், கோபம் மூண்ட பிறகு பேசிப் பயனில்லை.

வலைக்காரன்:

எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் ஒரு கேள்வி. அற்றுப்போனது என்று சொன்னது யார் தம்பி? ராத்திரி ஆற்றில் இறங்குகிறவர்களிடம் கேட்டீர்களா? நான் மீன்பிடிக் குடும்பம். வலை கிழிந்து, பாதி தின்ற மீன் தலை மட்டும் மாட்டியிருந்தால் எங்கள் சித்தப்பா பார்த்ததுமே சொல்லிவிடுவார். அவரிடம் யாரும் வந்து கேட்டதில்லை, அவரும் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை.

ஆந்திராவில் கடப்பா பக்கம் ஒரு பறவை உண்டு, கலிவி கோடி என்பார்கள். 1900க்குப் பிறகு எந்த ஆராய்ச்சியாளரும் பார்க்கவில்லை, அழிந்தது என்றே நினைத்திருந்தார்கள். 1986 ஜனவரியில் திரும்பக் கிடைத்தது எப்படி என்றால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் படத்தைக் காட்டி விசாரித்தார்கள், பறவை பிடிக்கும் ஒருவர் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்தேவிட்டார். அந்த ஒரு பறவை பிழைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதனால் உங்கள் ஊரில் யாராவது ஆர்வத்தில் பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

வலை போடுகிறவர்களைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்காமல் போய்ப் பேசுங்கள். வலை கிழிந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அதற்கு ஏதாவது ஈடு கிடைக்குமா என்று அதிகாரியிடம் நீங்களே சேர்த்துக் கேட்டால் அவர்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

மதகடி:

எல்லோருக்கும் நன்றி. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். வலைக்காரன் அண்ணன் சொன்னது சுருக்கென்று பட்டது, ஏனென்றால் நேற்று வலை போடும் ஒருவரிடம் கேட்டேன், அவர் அலட்டிக்கொள்ளாமல் "ரெண்டு வருஷமா வருதுங்க, மொதல்ல ரெண்டு, இப்ப அஞ்சு" என்றார். எங்கள் வீட்டிலிருந்து அவர் குடிசைக்கு நடந்தால் பத்து நிமிஷம்.

இன்று காலை அவரோடு போனேன். தடுப்பணைச் சுவரின் மேல் மூன்று இடத்தில் எச்சம், உள்ளே செதில் மினுமினுத்தது, வாடை சட்டையில் இன்னும் இருக்கிறது. திட்டின் ஓரத்தில் தடம், ஐந்து விரல். தீப்பெட்டி வைத்து எடுத்த படத்தைத் தாத்தாவிடம் காட்டினேன், போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நாளைக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறார். வன அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன், எங்கள் ஊரில் வலை போடும் அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.