தோட்டத்துக் கதைகளை மேடையேற்றுகிறோம்: கையெழுத்து வாங்கினால் போதுமா?

ஒட்டுப்பால்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டம். கித்தாவை (ரப்பர் மரங்களை) அழித்துச் செம்பனை போட்டார்கள். இப்போது ஒரு பகுதி வீடமைப்புக்குப் போகிறது. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மிஞ்சியிருப்பவர்களும் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறிவிட்டவர்களும் சொல்லும் கதைகளை வைத்து ஒரு மணி நேர நாடகம் போடுகிறோம். கூடவே கோயில் மண்டபத்து வெளிச்சுவரில் ஓவியம். கதை சொல்பவர்கள் 11 பேர், பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய பெண்கள். உறுமி அடிப்பவர்கள் 13 முதல் 17 வயதுப் பையன்கள்.

மலாயில் ஒரு அனுமதித்தாள் தயாராக இருக்கிறது, எல்லாரும் கையெழுத்துப் போடச் சம்மதம். அது போதுமா? கதைக்குள் வரும் மற்றவர்களை என்ன செய்வது? கதை சொல்பவர்களுக்குப் பணம் கொடுத்தால் கதை மாறிவிடுமா? நிலத்தை வாங்கிய நிறுவனம் 10,000 வெள்ளி தர முன்வந்திருக்கிறது. குழுவுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரட்டுக்களம்:
போதாது. பாட்டி உங்கள் முகத்துக்காகக் கையெழுத்துப் போடுவார். கோயில் தலைவர் பக்கத்தில் நின்றால் தலைவர் முகத்துக்காகப் போடுவார். அதனால் தலைவர், பழைய மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), வீட்டு ஆண்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகக் கேளுங்கள்.

மலாய்த் தாளை எடுத்து வைத்துவிட்டுத் தமிழில், பேச்சு நடையிலேயே எழுதுங்கள். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அடக்காதீர்கள். குரலைப் பதியலாமா, சொன்னதை நாடகத்தில் வைக்கலாமா, சொந்தப் பெயர் போடலாமா, படம் எடுக்கலாமா, யூடியூபில் ஏற்றலாமா, பதிவைப் பிற்காலத்துக்கு வைத்திருக்கலாமா என்று ஆறையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாகக் குறியுங்கள். பாலாய்ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) நடிப்பதற்கு ஆமாம் என்பவர் யூடியூபுக்கு வேண்டாம் என்பார். பாலாய்ராயாவில் இருப்பது தெரிந்த முகங்கள். யூடியூபைப் பேத்திக்கு வரன் பார்க்கிற வீட்டாரும் பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் தாளை வாசித்துக் காட்டி, பதிலைப் பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தேதியோடு.

இரண்டாவது அனுமதிதான் முக்கியம், பலரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வசனம் எழுதி முடித்ததும், ஒத்திகைக்கு முன், அவர் வீட்டு அஞ்சடியில் (முன்திண்ணையில்) உட்கார்ந்து அவருடைய காட்சியை முழுசாக வாசித்துக் காட்டுங்கள். "சரியா பாட்டி?" என்று கேட்டால் "சரிப்பா" என்றுதான் வரும். "இதுல எதை எடுத்துடணும்? யாரு கேட்டா உங்களுக்குச் சங்கடம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உடனே பதில் வராது. இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை போங்கள், அப்போதுதான் நிஜப் பதில் கிடைக்கும். "ஒத்திகை முடியும் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் கதையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை" என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். அப்படி எடுத்தாலும் நாடகம் நிற்கும்படி ஒரு காட்சியைக் கூடுதலாக எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் நீங்களே அவரை வற்புறுத்தத் தொடங்கிவிடுவீர்கள்.

மற்றவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் இது சாதாரணமில்லை. 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான். ஓரிரு நாளில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அந்தக் காலக் கதைகளிலும் ஜப்பான்காரன் காலக் கதைகளிலும் "காட்டிக் கொடுத்தவன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார், அவருடைய பேரப்பிள்ளைகள் அதே டவுனில் கடை வைத்திருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "மூணாவது லயத்துக் கடைசி வீட்டு, கால் சாய்ச்சு நடக்குற கிராணி" (தோட்ட எழுத்தர்) என்றால் ஊரே ஆளைச் சொல்லிவிடும். வேலை, வீடு, உடல் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றுங்கள், அல்லது இரண்டு மூன்று பேரை ஒருவராக்குங்கள்.

அதே நேரம் பெயரை மறைப்பதே மரியாதை என்றும் முடிவு கட்டாதீர்கள். 1942-43இல் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் குடும்பம், அந்தப் பெயரை மேடையில் சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமலே மறைத்தால் அதுவும் அநியாயம்.

கணக்குப்பிள்ளை:
பணம் பற்றி. கொடுங்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் இயக்குநருக்கும் லைட் போடுகிறவருக்கும் சம்பளம் கொடுக்கும்போது யாரும் இந்தச் சந்தேகத்தைக் கேட்பதில்லை. கதை தந்தவருக்குப் பொன்னாடையும் பழக்கூடையும் மட்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

கதை மாறுவது, பயன்படுத்திய கதைக்கு மட்டும் காசு என்று வைத்தால். அப்போது ஆளுக்கு ஆள் சோகத்தைக் கூட்டுவார்கள். உட்காரும் நேரத்துக்குக் கொடுங்கள்: ஒன்றரை மணி நேர அமர்வுக்கு, உதாரணத்துக்கு, 80 வெள்ளி. எல்லாருக்கும் ஒரே தொகை, பேச ஆரம்பிக்கும் முன்பே கவரில். பாதியில் எழுந்து போனாலும் அது அவருடையது. வாசித்துக் காட்டும் அமர்வுக்கும் உண்டு. 11 பேர், ஆளுக்கு இரண்டு அமர்வு என்றால் 1,760 வெள்ளி. இதைச் 'சில்லறைச் செலவு' என்று ஒளிக்காமல் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். நாடகம் முடிந்ததும் வரவு செலவைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

நிறுவனத்துப் பணத்தை நிபந்தனையோடு வாங்கலாம் என்பது என் கருத்து. வசனத்தை முன்கூட்டிப் பார்க்கவோ திருத்தவோ உரிமை இல்லை. சின்னம் நிகழ்ச்சித்தாளின் பின்பக்கத்தில் மட்டும். முழுத்தொகையும் ஒத்திகை தொடங்கும் முன். பாதிப் பணம் நாடகம் முடிந்த பிறகு என்றால், அந்தப் பாதியை இழக்கப் பயந்து நீங்களே வசனத்தை வெட்டுவீர்கள்.

இன்னொன்று, இது சட்டம். 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்குப் போய்விடும். 'நாடகமும் ஓவியமும் எங்கள் வேண்டுகோளில்' என்று அவர்கள் கடிதத்தில் ஒரு வரி இருந்தால் உரிமை கைமாறலாம். 'நன்கொடை' என்றே எழுதச் சொல்லுங்கள், உரிமை குழுவுக்கும் கதை சொன்னவர்களுக்கும் என்று தனியாக எழுதி வாங்குங்கள். பாட்டி பாடும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இது பொருந்தும். ஒலிப்பதிவின் உரிமை, பதிவுக்கு ஏற்பாடு செய்தவருடையதாகத்தான் கருதப்படும். பாடியவருக்கு என்ன பங்கு என்பதை எழுதி வைக்காவிட்டால் பிறகு சிக்கல்தான்.

லயத்துவாசல்:
கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதில் நிறுவனத்துப் பணத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. மாற்று வீடு, இழப்பீடு என்று ஏதாவது பேச்சு இன்னும் முடியாமல் இருக்கிறதா? இருந்தால் ஒரு சென்கூட வாங்காதீர்கள். வசனத்தில் அவர்கள் கை வைக்கக்கூடத் தேவையில்லை. லயத்துப் பாட்டிகளும் நிறுவன அதிகாரியும் ஒரே மேடையில் சிரிக்கும் ஒரு படம் போதும், "குடியிருப்பாளர்கள் திருப்தி" என்று நாளைக்கு அதைக் காட்டுவார்கள். எந்த நிபந்தனையும் அந்தப் படத்தைத் தடுக்காது. முடிவை உங்கள் குழு எடுக்கவும் கூடாது. குடியிருப்பாளர்கள் மட்டும் கூடிப் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.

வாடகை லைட்டை விடுங்கள், கோயில் திருவிழா ஒலிபெருக்கியைக் கேளுங்கள், பள்ளி முன்னாள் மாணவர்களிடம் போங்கள், செண்டானா போன்ற அமைப்புகளின் கலை மானியத்துக்கு விண்ணப்பியுங்கள். நாடகம் சின்னதாகும், ஆனால் நடக்கும்.

சாயவாளி:
ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம். உயிரோடு இருப்பவர் முகத்தை வரைவதானால் அவரிடமும், அவருக்குப் பிறகு அந்த முகம் சுவரில் இருக்கலாமா என்று பிள்ளைகளிடமும் கேளுங்கள். இடத்தையும் பாருங்கள்: கோயில் மண்டபத்தில் செருப்பு விடும் பக்கத்துச் சுவரில் யார் முகமும் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் உரிவதையெல்லாம் சுரண்டி, கூரை ஒழுக்கை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, காரம் தாங்கும் சீலர் ஒரு பூச்சு கொடுத்த பிறகுதான் வெளிச்சுவர் சாயம். ஈரத்தோடு அடித்தால் உப்புப் பூத்துக் கொப்புளம் கட்டும், முதலில் உரிவது பெரும்பாலும் கீழ்ப்பகுதி. பாட்டியின் முகம் அடுத்த தீபாவளிக்குள் உரிந்து தொங்கினால் அந்தக் குடும்பம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாமி கும்பிடும். பராமரிப்புக்கு ஒரு ஆளையும், இரண்டு லிட்டர் சாயத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

பெரட்டுக்களம்:
பையன்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அனுமதியோடு பையனுடைய சம்மதமும் வேண்டும். பயிற்சியில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒருவர் மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது, தனி வாட்ஸ்அப் கூடாது. இரவு ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். பள்ளிச் சீருடையோடு எடுத்த படத்தை ஏற்றாதீர்கள், பள்ளிப் பெயர் தெரியும். குடிகார அப்பா பாத்திரம் இருந்தால் அதை யாருக்குக் கொடுக்கிறீர்கள், அவன் வீட்டில் என்ன நிலைமை என்று முதலில் விசாரியுங்கள். ஒரு பையன் தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால் 'குழுவுக்குள் பேசித் தீர்ப்போம்' என்பது குற்றமாகிவிடும். 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி தெரிந்தவர் போலீசில் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணைப் பயிற்சி இடத்தில் ஒட்டி வையுங்கள்.

ஒட்டுப்பால்:
எல்லாருக்கும் நன்றி. இழப்பீட்டுப் பேச்சு இன்னும் முடியவில்லை, அதனால் குடியிருப்பாளர்களிடமே விட்டுவிடுகிறோம். ஒன்று மட்டும்: இதுவரை எடுத்த பதிவுகள் குழு வாட்ஸ்அப்பில் கிடக்கின்றன. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
இன்றைக்கே மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு வீட்டில் வையுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆள் பெயர் வேண்டாம், எண் கொடுங்கள், எந்த எண் யார் என்ற பட்டியல் தாளில் ஒருவரிடம் மட்டும். பிறகு குழுவில் அழிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொருவர் கைப்பேசியின் கேலரியிலும் சேர்த்து. குழுவில் மட்டும் அழித்தால் கைப்பேசியில் இறங்கியது அங்கேயே இருக்கும். இதுவரை வெளியே யாருக்காவது அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்டு, அனுப்பியிருந்தால் அந்தப் பாட்டியிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.